குதிரைப் பித்தக் காய்ச்சல்: மறைதொற்றை அறியும் முறைகள்

உண்ணிகளின் மூலம் குதிரை, கழுதை, கோவேறு கழுதை ஆகியவற்றின் இரத்தத்திற் புகுந்து சிவப்பணுக்களை அழிக்கும் தைலேரியா எக்வி, பாபீசியா கபாலி என்னும் நுண்கிருமிகளால் இந்நோய் உண்டாகிறது. கடுஞ்சுரமும் சோகையும் கண்களில் மஞ்சளும் கண்டபொழுது நோயை அறிதல் பெரும்பாலும் எளிது. பிழைத்தெழுந்த குதிரையோ, மேனி பளபளக்கப் பூரண ஆரோக்கியத்துடன் தோன்றிக்கொண்டே, கிருமியைப் பல்லாண்டு இரத்தத்திற் சுமந்து, கடிக்கும் உண்ணிக்கெல்லாம் வழங்கி வருகிறது; இதுவே மறைதொற்று.

கால்நடைகளின் இரத்தக் கிருமியை உண்ணி பரப்புகிறதென்பதை ஸ்மித், கில்போர்ன் என்னும் அமெரிக்கர் 1893-ல் நிரூபித்தனர்.

குதிரையைப் பற்றிய ஆராய்ச்சி விரிந்தது தென்னாப்பிரிக்காவிலாகும். 1891-ல் சுவிட்சர்லாந்திலிருந்து அங்கே குடியேறி, பண்ணை இயந்திரமொன்றில் இடக்கையை இழந்தும் மனந்தளராது, பின்னர் 1908-ல் ஆண்டர்ஸ்டிபூர்ட் ஆராய்ச்சி நிலையத்தை நிறுவிய அர்னால்டு தைலர், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், நோயிலிருந்து மீண்டு நலமாயிருந்த குதிரையின் இரத்தத்தை எடுத்து நோயறியாத வேறொரு குதிரைக்கு ஏற்றியபோது, இரண்டாவது குதிரை காய்ச்சலில் விழக் கண்டார். மறைதொற்றை அறியும் முதல் சோதனை இதுவே எனலாம். ஒரு பிராணியின் ரகசியத்தை மற்றொரு பிராணி நோயுற்றுத்தான் வெளியிட வேண்டியிருந்தது. மண்ணீரல் அகற்றப்பட்ட குதிரைக்கு இரத்தத்தை ஏற்றினால் கிருமி தடையின்றிப் பெருகும் என்பதால், அம்முறை பிற்காலத்தும் கைக்கொள்ளப்பட்டது. மற்றொரு வழி நுண்ணோக்கி: கிம்சா என்னும் சாயமிட்ட இரத்தப் பூச்சில், ஒரு சிவப்பணுவினுள் நான்கு சிறு துளிகள் நுனிகள் கூடிச் சிலுவைபோல் அமைந்திருப்பதைக் கண்டவர் அவ்வழகை எளிதில் மறப்பதில்லை. ஆயினும் மறைதொற்றுடைய குதிரையின் பூச்சில் மணிக்கணக்கில் தேடினும் அது கண்ணில் படாது போவதே வழக்கம்.

கிருமிகள் இரண்டென்று நட்டால், ஸ்டிரிக்லேண்டு இருவரும் 1910-ஐ ஒட்டிப் பிரித்துக் காட்டினர். முன்பு பாபீசியா எனப்பட்ட ஒன்றைத் தைலேரியா இனத்திற் சேர்க்குமாறு 1998-ல் மெல்ஹார்ன், ஷைன் ஆகியோர் கூறினர். அவ்வினத்திலும் அது முற்றும் பொருந்துவதில்லை என்பாரும் உளர். தைலேரியா எக்வி ஆயுள் முழுதும் தங்குமென்பது பொதுவான அபிப்பிராயம். மற்றது சில ஆண்டுகளில் தானே நீங்குமென்பது குறித்து ஆசிரியர்கள் வேறுபடுகின்றனர்.

1961-ல் ஃபுளோரிடாவில் நோய் காணப்பட்டபின், அமெரிக்க அரசாங்கம் நிரப்புப்பொருள் பிணைப்புச் சோதனையைப் பெரிதும் நம்பியது. குதிரையின் ஊனீரில் எதிர்ப்பொருள் இருப்பின், கினிப்பன்றியின் ஊனீரிலுள்ள நிரப்புப்பொருள் அதனோடு பிணைந்து தீர்ந்துவிட, இறுதியிற் சேர்க்கும் ஆட்டின் சிவப்பணுக்கள் உடையாமல் அடியிற் படியும். இல்லையேல் அவை உடைந்து குழாய் தெளிந்த செந்நிறமாகும். ஆனால் நாட்பட்ட தொற்றில் குதிரை உண்டாக்கும் ஒருவகை எதிர்ப்பொருள் கினிப்பன்றியின் நிரப்புப்பொருளைப் பிணைப்பதில்லையாதலால், தேடப்பட்ட குதிரையே சோதனைக்குத் தப்பியது. மருந்தூட்டிய குதிரைகளும் சிறிது காலம் அவ்வாறே தப்பின.

இக்குறையை நீக்கவே, கிருமியின் மேற்புரதம் ஒன்றைக் குறிவைக்கும் போட்டி எலைசா முறை, 2005 முதல் அமெரிக்காவின் இறக்குமதிச் சோதனையாயிற்று. 2009-ல் டெக்ஸாஸ் பண்ணையொன்றில் நானூற்றுக்கு மேற்பட்ட குதிரைகளில் தொற்று வெளிப்பட்டது. கிருமியின் மரபுப்பொருளையே தேடும் பி.சி.ஆர். முறையும் இன்று வழக்கிலுள்ளது. இந்தியாவில் ஹிசாரிலுள்ள தேசியக் குதிரை ஆராய்ச்சி மையம் இத்துறையில் உழைத்து வருகிறது. 2018-ல் விவரிக்கப்பட்ட தைலேரியா ஹேனேயி என்னும் கிருமியிடம் மேற்கூறிய புரதம் இல்லை. ஆகவே அந்த எலைசா அதனைக் காண்பதில்லை.