தெள்ளுப்பூச்சி எப்படி எகிறுது? 44 வருஷ வழக்கு

நாய் முடியிலிருந்து தெள்ளுப்பூச்சி எகிறுறதை நம்ம கண்ணால சரியா பார்க்கவே முடியாது. இப்போ இருக்கும், கண் சிமிட்டினா இருக்காது. தரையை உதைச்சுக் கிளம்ப அது எடுத்துக்கற நேரம் ஒரு நொடியில சுமார் ஆயிரத்துல ஒரு பங்கு. அதுக்குள்ள நொடிக்கு 1.9 மீட்டர் வரைக்கும் வேகம் வந்துடுது.

எந்தத் தசையும் இவ்வளவு சக்தியை இவ்வளவு சீக்கிரமா கொடுக்காது. அப்போ அது எங்கிருந்து வருது?

1967-ல ஹென்றி பென்னட்-கிளார்க், எரிக் லூசி ரெண்டு பேரும் பதில் சொன்னாங்க. பூச்சியோட மார்புப் பகுதியில ரெசிலின்னு ரப்பர் மாதிரி ஒரு புரதம் இருக்கு. தசை அதை நிதானமா அமுக்கிப் பூட்டி வைக்குது. பூட்டு திறந்ததும் சேமிச்ச சக்தி மொத்தமும் ஒரே நேரத்துல வெளிய வருது. நம்ம ஊர் உண்டிவில் இதேதான்: இழுக்கறது மெதுவா, கல்லு பறக்கறது படார்னு.

இது வரைக்கும் சண்டை இல்லை. அந்த சக்தி தரையைத் தொடுற இடம் எது? இங்கதான் வழக்கு ஆரம்பம். பென்னட்-கிளார்க் தரப்பு, கால் நுனின்னு சொன்னது. மிரியம் ராத்ஸ்சைல்ட், காலோட மேல்பக்கம் முட்டி மாதிரி இருக்கற மூட்டுன்னு சொன்னாங்க. அவங்க சாதாரண ஆள் இல்லை, தெள்ளுப்பூச்சி ஆராய்ச்சியில உலகமே மதிச்ச பெயர். ஆனா அன்னிக்கு இருந்த கேமராக்களால அந்த ஒரு கணத்தைப் பிரிச்சுக் காட்ட முடியலை. ரெண்டு தரப்பும் விட்டுக்கொடுக்கலை.

2011-ல கேம்பிரிட்ஜ்ல கிரெகரி சட்டன், மால்கம் பரோஸ் ரெண்டு பேரும் நொடிக்கு 5,000 படம் எடுக்கற கேமராவை வெச்சாங்க. இருட்டுல தெள்ளுப்பூச்சி அசையாது, வெளிச்சம் பட்டாதான் குதிக்கும். அதனால படம் பிடிக்கறது நினைச்சதை விட சுலபமாச்சு. 10 பூச்சிகள், 51 குதிப்புகள். பத்துல ஒரு குதிப்புல அந்த மூட்டு தரையைத் தொடவே இல்லை, ஆனாலும் வேகம் குறையலை. கால் நுனிப் பக்கம் தரையைப் பிடிச்சுக்கற முட்கள் இருந்துச்சு, மூட்டு வழுவழுன்னு இருந்துச்சு. பென்னட்-கிளார்க் சொன்னதுதான் சரி.

ராத்ஸ்சைல்ட் 2005-லயே இறந்துட்டாங்க. அந்தப் படங்களைப் பார்க்க அவங்க இல்லை. ஒரு கேள்விக்கு நல்ல மூளை மட்டும் போதாது, சில நேரம் அதுக்கேத்த கருவி பிறக்கற வரைக்கும் அது காத்திருக்கணும்.