மூக்குச் சீரமைப்பில் நெற்றித் தோல் மடல்

நெற்றித் தோல் மடல் என்பது, தோல் புற்றுநோயை வெட்டியெடுத்த பிறகு மூக்கில் ஏற்படும் பெரிய குழியை நெற்றித் தோலைக் கொண்டு மூடும் ஒட்டறுவை முறை. தொடையிலிருந்தோ காதின் பின்புறத்திலிருந்தோ முழுவதும் அறுத்தெடுத்து வைக்கும் ஒட்டுத்தோல், வைத்த இடத்து ரத்தத்தை நம்பியே பிழைக்க வேண்டும். மடல் அப்படியல்ல. அதன் ஒரு முனை காம்புபோலப் புருவத்தருகே உடலோடு ஒட்டியே இருப்பதால், தனக்கான ரத்த ஓட்டத்தையும் உடன் கொண்டுவருகிறது. எனவே எலும்பும் குருத்தெலும்பும் வெளித்தெரியும் இடத்திலும் அது பிழைக்கும். நிறத்திலும் தடிமனிலும் மூக்குத் தோலுக்கு நெற்றியளவு பொருந்தும் தோல் உடலில் வேறெங்கும் கிடைப்பதில்லை.

முகத்தில் வெயில் அதிகம் படும் உறுப்பு மூக்கு. அங்கு வரும் புற்றுநோய்களில் பெரும்பாலானது பேசல் செல் கார்சினோமா. இது பிற உறுப்புகளுக்குப் பரவுவது மிக அரிது. ஆனால் இருக்கும் இடத்தை அரித்துக்கொண்டே போகும். வெளியே மிளகளவு தெரியும் புண், தோலுக்கடியில் பல மடங்கு விரிந்திருக்கலாம்.

மூக்கைப் புதிதாக அமைக்கும் கலை இந்தியாவில் பிறந்தது. சுசுருத சம்ஹிதை, இழந்த மூக்கின் அளவுக்கு இலை ஒன்றை நறுக்கி, அதே அளவில் கன்னத்துத் தோலை உரித்துப் பொருத்தும் முறையைச் சொல்கிறது. நெற்றித் தோலைப் பயன்படுத்துவது அதிலிருந்து வளர்ந்த பிற்கால முறை. மூக்கறுப்பு தண்டனையாக நிலவிய நாட்டில், இந்தக் கைத்திறன் சில குடும்பங்களில் தலைமுறை தலைமுறையாகக் காக்கப்பட்டது. காங்க்ராவில் இத்தொழிலுக்கென்றே பெயர்பெற்ற குடும்பங்கள் இருந்தன.

மேலை உலகம் இதை அறிந்தது ஒரு மாட்டுவண்டிக்காரர் வழியாக. ஆங்கிலேயப் படையில் வேலைபார்த்த கவாஸ்ஜி, 1792 போரில் திப்பு சுல்தானின் படையிடம் சிறைப்பட்டு மூக்கையும் ஒரு கையையும் இழந்தவர். ஓராண்டுக்கும் மேல் மூக்கின்றி இருந்த அவருக்குப் புணே அருகே செங்கல் சூளைக் குலத்தைச் சேர்ந்த ஒருவர் அறுவை செய்தார். லண்டனின் ஜென்டில்மன்ஸ் மேகசின் 1794 அக்டோபரில் அதைப் படத்துடன் வெளியிட்டது.

அந்த விவரிப்பு இன்றைக்கும் வியக்க வைக்கிறது. மெல்லிய மெழுகுத் தகட்டை மூக்கின் எச்சத்தின்மீது வைத்து நல்ல மூக்காக வடித்துக்கொண்டார் அறுவை செய்தவர். அதைத் தட்டையாக்கி நெற்றியில் வைத்து, சுற்றிலும் கோடிட்டு, கோட்டுக்குள் இருந்த தோலை உரித்தார். இரு கண்களுக்கும் நடுவே ஒரு சிறு பட்டையை மட்டும் அறுக்காமல் விட்டு, தோலை அரைச்சுற்றுத் திருப்பிக் கீழே இறக்கி, மேலுதடு வரை கீறிவைத்த வெட்டுக்குள் அதன் ஓரங்களைச் செருகினார். தையல் இல்லை. நீரில் குழைத்த காசுக்கட்டியைத் தடவிய துணிப்பட்டைகளே பிடிமானம். நான்கு நாள் கழித்து அவற்றை எடுத்துவிட்டு, நெய்யில் தோய்த்த துணி வைக்கப்பட்டது. ஏறத்தாழ இருபத்தைந்தாம் நாள் காம்பு வெட்டப்பட்டது. பார்த்தவர்கள் பெயரும் நோயாளியின் பெயரும் அச்சேறின. அறுவை செய்தவரின் பெயரை எவரும் குறித்துவைக்கவில்லை என்பது மருத்துவ வரலாற்றுக்குப் பெரும் இழப்பு.

லண்டனில் அறுவை மருத்துவர் ஜோசப் கார்ப்யூ, 1814இல் தொடங்கி இருவருக்கு இதே முறையில் அறுவை செய்து, 1816இல் நூல் வெளியிட்டார். அதன்பின் 'இந்திய முறை' ஐரோப்பாவெங்கும் பரவியது. கைத்தோலை மூக்கோடு பல வாரம் பிணைத்துவைக்கும் டாக்லியாகோசியின் பழைய இத்தாலிய முறை பின்னுக்குப் போனது. 1946இல் அறுவை மருத்துவர் கசன்ஜியன், மடலை நெற்றி நடுவிலிருந்து எடுத்து, அந்தக் காயத்தை நேராகத் தைத்து மூடும் வழியைக் காட்டினார். 1985இல் அறுவை மருத்துவர்கள் பர்கெட், மெனிக் இருவரும் மூக்கின் பரப்பை நுனி, தண்டு, பக்கச் சுவர்கள், துவார ஓரங்கள் முதலான ஒன்பது கூறுகளாகப் பிரித்தனர். ஒரு கூறில் பாதிக்குமேல் போய்விட்டால், மிஞ்சியதையும் நீக்கிவிட்டு அக்கூறு முழுவதையும் புதிதாக மூடுவதே சரி என்பது அவர்கள் வகுத்த விதி. தழும்பு கூறுகளின் எல்லைக்கோட்டில் விழுவதால் பார்வைக்கு எடுத்துத் தெரியாது.

இன்றைய அறுவையில், வெட்டிய விளிம்புகளில் புற்றுநோய் மிச்சமில்லை என்று உறுதியான பின்பே மடல் எடுக்கப்படுகிறது. பிரெடரிக் மோஸ் 1930களில் உருவாக்கிய, அடுக்கடுக்காக வெட்டி உடனுக்குடன் நுண்ணோக்கியில் பார்க்கும் முறை இதற்குச் சிறந்தது. பழைய மெழுகின் இடத்தில் தையல்நூல் உறையின் தகடு வார்ப்பாகிறது. புருவத்தின் உள்முனையருகே, நடுக்கோட்டிலிருந்து சுமார் 2 செ.மீ. தள்ளி மேலேறும் தமனிதான் மடலுக்கு உயிர். அதனாலேயே காம்பு 1.5 செ.மீ. அகலத்துக்குள் இருந்தாலும் போதும். மேல்தோலை மட்டும் போர்த்தினால் மூக்கு நிற்காது. உள்ளே சவ்வுப் படலமும், நடுவே காதிலிருந்தோ விலாவிலிருந்தோ எடுத்த குருத்தெலும்பும் வேண்டும். அந்தத் தாங்கல் இல்லையேல் துவார ஓரம் சுருங்கி மேலேறிவிடும், மூச்சும் அடைபடும். சுமார் மூன்று வாரத்தில் காம்பு வெட்டப்படுகிறது. அதுவரை புருவத்திலிருந்து மூக்குக்குத் தோல்பாலம் தொங்கும். இதை நோயாளிக்கு முன்கூட்டியே காட்டி விளக்குவது அறுவையளவுக்கு முக்கியம். புகைபிடிப்பவர்களுக்கு மடலின் நுனி அழுகும் அபாயம் கூடுதல்.

1.5 செ.மீ.க்கு உட்பட்ட சிறு குழிகளுக்கு நெற்றி தேவையில்லை. எஸ்ஸர் 1918இல் விவரித்து, ஸிடெல்லி 1989இல் திருத்திய இரட்டை மடல், பக்கத்துத் தோலையே நகர்த்தி மூடுகிறது. துவார ஓரத்துக்குக் கன்னமடிப்புத் தோல் உதவும். மூக்கு முழுவதும் போனவர்களுக்கு, முன்கைத் திசுவை ரத்தக்குழாயோடு எடுத்து நுண்ணறுவையால் இணைத்து உட்படலம் அமைக்கிறார்கள். வெளிப்புறத்துக்கு அப்போதும் நெற்றித் தோல்தான்.