ஜெர்ரி பிரவுன் திறந்த பட்டாளத்துப் பள்ளிக்கூடம்

கலிஃபோர்னியாவின் ஓக்லாண்ட் பட்டாளத்தோடு ரொம்ப நாளாகவே மல்லுக்கட்டிய ஊர். பிளாக் பாந்தர் கட்சி 1966ல் பிறந்தது இங்கேதான். 1967ல் இங்கிருந்த ராணுவ ஆள்சேர்ப்பு மையத்தை ஒரு வாரம் முற்றுகையிட்டு போலீஸிடம் அடி வாங்கினார்கள் போர் எதிர்ப்பாளர்கள். வியட்நாமுக்குப் போன சரக்கும் ஆட்களும் கடந்துபோனது இந்த ஊரின் ராணுவத் தளம் வழியாகத்தான். 1999ல் அந்தத் தளத்தை மூடினார்கள். இரண்டே வருஷத்தில், 2001 ஆகஸ்டில், அதே இடத்தில் ஏழாம் வகுப்புப் பொடிசுகள் யூனிஃபார்ம் போட்டு வரிசையில் நின்றார்கள். ஓக்லாண்ட் மிலிட்டரி இன்ஸ்டிட்யூட் என்ற அரசு சார்ட்டர் பள்ளி.

இதை ஆரம்பித்தவர் ஏதோ மீசைக்கார ஜெனரல் என்று நினைத்தால் அதுதான் இல்லை. அப்போதைய மேயர் ஜெர்ரி பிரவுன்! 1970களில் கலிஃபோர்னியா கவர்னராக இருந்தவர். அதற்கும் முன்னால், 1968ல் போரை எதிர்த்து ஜனாதிபதி வேட்பாளராக நின்ற யூஜின் மெக்கார்த்திக்கு வேலை பார்த்தவர். இவருக்கு எங்கிருந்து வந்தது இந்த பட்டாள ஆசை?

எனக்குத் தெரிந்து பதில் பட்டாளத்தில் இல்லை, மடத்தில் இருக்கிறது. பிரவுன் படித்தது ஏசுசபை நடத்திய உயர்நிலைப் பள்ளியில். பதினெட்டு வயசில் பாதிரியாராகப் போகிறேன் என்று 1956ல் அதே சபையின் மடத்தில் சேர்ந்து மூன்றரை வருஷத்துக்கு மேல் இருந்தவர். மணியடித்தால் எழுந்திரு, மணியடித்தால் வாயை மூடு. கறாரான ஒழுங்கு ஒரு ஆளை உருவாக்கும் என்ற நம்பிக்கை அங்கேயே வந்திருக்கும் என்று நினைக்கிறேன். பணக்காரர்கள் இதையே போர்டிங் ஸ்கூலில் காசு கொடுத்து வாங்குகிறார்கள். ஓக்லாண்டின் ஏழைக் கறுப்பின, லத்தீன், ஆசியப் பிள்ளைகளுக்கு ஏன் இலவசமாகக் கிடைக்கக்கூடாது? என் வாசிப்பில் பிரவுன் கேட்டது இதைத்தான். கேள்வி என்னவோ நியாயமானதுதான்.

சார்ட்டர் பள்ளி என்றால் சுருக்கமாக: அரசுப் பணம், ஃபீஸ் கிடையாது, ஆனால் நிர்வாகம் தனி. கலிஃபோர்னியா இதற்கு 1992ல் சட்டம் போட்டது. ஆரம்பிக்க உள்ளூர் கல்வி வாரியத்தின் அனுமதி வேண்டும். ஓக்லாண்ட் வாரியம் முடியாது என்றது. அலமேடா கவுண்டி வாரியமும் முடியாது என்றது. விடுவாரா மனுஷன்? சாக்ரமெண்டோவுக்கு, மாநில வாரியத்திடமே போனார். 2000 டிசம்பரில் அங்கே அனுமதி கிடைத்தது. அப்போதைய கவர்னர் கிரே டேவிஸ், பிரவுன் கவர்னராக இருந்தபோது அவருக்குக் கீழே தலைமை உதவியாளராக இருந்தவர் என்பது கொசுறுத் தகவல் :-)

எதிர்த்தவர்களை முட்டாள்கள் என்று ஒதுக்க எனக்கு மனசு வரவில்லை. பன்னிரண்டு வயசுப் பையனுக்கு எதற்கு சல்யூட், ஏழைப் பிள்ளைகளைப் பிடித்து பட்டாளத்துக்கு அனுப்பும் வேலையா என்பது ஒன்று. இன்னொன்று பணம். ஒரு பிள்ளை சார்ட்டருக்குப் போனால் அவன் பேரில் வரும் அரசுப் பணமும் கூடவே போய்விடும். மிச்சமிருக்கும் பிள்ளைகளின் பள்ளி அதே கரண்ட் பில்லைக் கட்டவேண்டும். ஓக்லாண்ட் பள்ளி மாவட்டத்தின் கணக்கு அப்புறம் எந்த லட்சணத்தில் இருந்தது என்றால், 2003ல் மாநிலமே நிர்வாகத்தைக் கையில் எடுத்து 100 மில்லியன் டாலர் வரை கடன் கொடுக்கவேண்டி வந்தது. அதற்கு இந்தப் பள்ளிதான் காரணம் என்று சொல்லவில்லை. அந்தப் பயம் வெறும் கற்பனையில்லை, அவ்வளவுதான்.

பள்ளி திறந்து சில வாரங்களில் செப்டம்பர் 11 வந்தது. மூன்று நாள் கழித்து, போருக்கு அதிகாரம் தரும் தீர்மானம் பிரதிநிதிகள் சபைக்கு வந்தபோது 420 பேர் ஆதரவு, ஒரே ஒருவர் எதிர்ப்பு. அந்த ஒருவர் பார்பரா லீ, ஓக்லாண்டின் உறுப்பினர். ஊரின் ஒரு மூலையில் பிள்ளைகள் கொடிக்கு சல்யூட் வைக்கிறார்கள், ஊரின் பிரதிநிதி தனியாளாகப் போர் வேண்டாம் என்கிறார்!

சரி, உள்ளே என்ன நடக்கும்? நம்மூர் சைனிக் பள்ளி மாதிரி கற்பனை செய்யாதீர்கள். அது ராணுவ அதிகாரிகளைத் தயார் செய்ய வந்தது. இங்கே இலக்கு கல்லூரி. பட்டாளத்தில் சேரவேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. பாடம் நடத்துவது சாதாரண ஆசிரியர்கள். காலை அணிவகுப்பு, யூனிஃபார்ம், ஒழுங்கு இதெல்லாம் கலிஃபோர்னியா நேஷனல் கார்டு ஆட்களின் பொறுப்பு. ஏழாம் வகுப்போடு தொடங்கி வருஷத்துக்கு ஒரு வகுப்பாக ஏறி, 2007ல் முதல் செட் பட்டம் வாங்கியது. அதற்குள் பிரவுன் மேயர் பதவியை முடித்து மாநில அட்டர்னி ஜெனரல் ஆகிவிட்டார். பள்ளியும் பின்னாளில் வடக்கு ஓக்லாண்டுக்கு இடம் மாறியது.

என்னை ரொம்ப யோசிக்க வைத்தது இதன் பட்ஜெட்தான். எல்லாப் பள்ளிக்கும் வரும் பணம் இதற்கும் வரும். அதற்கு மேல் நேஷனல் கார்டு வழியாக வருவது தனி. அதற்கும் மேல் பிரவுனே போனைப் போட்டுத் திரட்டிய நன்கொடை! அங்கே ஒரு அரசியல்வாதி கேட்டு யாராவது 5000 டாலரோ அதற்கு மேலோ நல்ல காரியத்துக்குக் கொடுத்தால் அதை வெளியே சொல்லியாகவேண்டும். அந்தக் கணக்கில் இந்தப் பள்ளிக்கும், அவர் 2002ல் தொடங்கிய கலைப் பள்ளிக்கும் பல மில்லியன் டாலர் வந்ததாகப் பதிவாகியிருக்கிறது. கொடுத்தவர்களில் மாநில அரசிடம் வேலை உள்ள கம்பெனிகளும் உண்டு. பிள்ளைகள் நன்றாகப் படித்தால் அது யூனிஃபார்மின் பலனா, கூடுதல் காசின் பலனா? நம்ம பாஷையில் சொன்னால், ஒரே சமயத்தில் இரண்டு வேரியபிளை மாற்றிவிட்டு டெஸ்ட் ரிசல்ட் பார்க்கிற கதை.

இதில் நம்ம சாஃப்ட்வேர்காரர்களும் ஒருமுறை மூக்கை நுழைத்தார்கள். 2013 ஜனவரியில், மறுபடி கவர்னராகிவிட்ட பிரவுன் முன்னிலையில், சான் ஹோசே பல்கலைக்கழகமும் உடாசிட்டியும் சேர்ந்து 150 டாலருக்கு ஆன்லைன் கணக்குப் பாடம் என்று அறிவித்தன. சேர்க்கப்பட்டவர்களில் இந்தப் பள்ளிப் பிள்ளைகளும் உண்டு. பாடம் ஆரம்பித்த பிறகுதான் தெரிந்தது, சிலர் வீட்டில் கம்ப்யூட்டரே இல்லை, வேகமான இண்டர்நெட்டும் இல்லை என்று. தேர்ச்சி விகிதம் படுமோசமாக வர, ஜூலையில் திட்டத்தை நிறுத்திவைத்தார்கள். மறுநாள் காலையிலும் பள்ளியில் அணிவகுப்பு வழக்கம்போல நடந்திருக்கும், லீவு விடாமல் இருந்தால் :-)