பழைய கார் அடிக்கடி ஹீட் ஆகுதா? ரேடியேட்டரை மாத்துறதுக்கு முன்னாடி இதைப் படிங்க!

கத்திரி வெயிலில் சிக்னலில் நிற்கும்போது டெம்பரேச்சர் முள் மெல்ல மேலே ஏறும். பதறிப்போய் ஏசியை ஆஃப் பண்ணுவோம். பழைய கார் வைத்திருக்கும் பலருக்கும் இது பழகிய விஷயம்தான். உடனே இரண்டு அட்வைஸ் வரும். ஒன்று, "தெர்மோஸ்டாட்டை கழட்டிப் போடுங்க". இன்னொன்று, "பெரிய ரேடியேட்டர் போடுங்க". முதல் அட்வைஸ் தவறு. இரண்டாவது சில நேரம் சரி, பல நேரம் வீண் செலவு. அப்படியென்றால் எதை, எந்த வரிசையில் மாற்ற வேண்டும்? பார்க்கலாம்.

கூலிங் சிஸ்டம் எப்படி வேலை செய்கிறது?

எரிபொருள் எரியும்போது கிடைக்கும் ஆற்றலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, வெப்பமாக கூலன்ட்டுக்குப் போகிறது. அந்த கூலன்ட்டை இன்ஜினுக்குள் சுற்றவிடுவது வாட்டர் பம்ப். பெரும்பாலான கார்களில் 82 முதல் 88 டிகிரி செல்சியஸ் வந்ததும் தெர்மோஸ்டாட் திறக்கும், சூடான கூலன்ட் ரேடியேட்டருக்குப் போகும். அங்கே காற்று பட்டு ஆறி மீண்டும் இன்ஜினுக்கே திரும்பும். கார் ஓடும்போது எதிர்க்காற்றே போதும். நிற்கும்போது ஃபேன்தான் அந்தக் காற்றைத் தரவேண்டும்.

ரேடியேட்டர் மூடிக்கும் பெரிய வேலை உண்டு. குக்கர் மாதிரி அழுத்தத்தைப் பிடித்து வைப்பது அதுதான். திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். 15 பிஎஸ்ஐ மூடி இருந்தால் சுமார் 120 டிகிரி வரை கொதிக்காது. சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில், மூடி அழுத்தத்தைப் பிடிக்காவிட்டால் அதே தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும்.

எப்போ ஹீட் ஆகுது? அதுதான் முதல் கேள்வி

டிராஃபிக்கில் மட்டும் ஹீட் ஆகி, ஹைவேயில் சரியாகிவிடுகிறதா? அப்படியென்றால் காற்று போதவில்லை. ஃபேன், ஃபேன் பெல்ட், ஃபேன் சுவிட்சைப் பாருங்க.

ஊருக்குள் சரியாக இருந்து, ஹைவேயில் 80 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால் ஹீட் ஆகிறதா? ஃபேனை விட்டுவிடுங்கள். ரேடியேட்டர் உள்ளே அடைத்திருக்கலாம், வாட்டர் பம்ப் தேய்ந்திருக்கலாம், அல்லது கீழ் ஹோஸ் உறிஞ்சப்பட்டு சப்பையாகி இருக்கலாம்.

ஸ்டார்ட் பண்ணிய சில நிமிடங்களிலேயே ஹீட் ஆகிறதா? கூலன்ட் குறைந்திருக்கலாம், தெர்மோஸ்டாட் மூடியபடியே சிக்கியிருக்கலாம். ரேடியேட்டரில் நிற்காமல் குமிழி வருவது, சைலன்சரில் தொடர்ந்து வெள்ளைப் புகை, இன்ஜின் ஆயில் பால் காபி நிறத்தில் இருப்பது, இவையெல்லாம் ஹெட் கேஸ்கெட் போனதற்கான அறிகுறிகள். இந்த நிலையில் எவ்வளவு பெரிய ரேடியேட்டர் போட்டாலும் பலன் கிடையாது.

எல்லா இடத்திலும் சரியாக ஓடி, ஏசி போட்டு மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும்போது மட்டும் முள் ஏறுகிறதா? அங்கே வேகம் குறைவு, இன்ஜினுக்கு லோடு அதிகம். சிஸ்டத்தின் திறனே பற்றவில்லை என்று அர்த்தம். அப்கிரேட் உண்மையில் தேவைப்படுவது இந்த மாதிரி கார்களுக்குத்தான். தொழிற்சாலையில் ஏசி இல்லாமல் வந்த காரில் பின்னாளில் ஏசி பொருத்தியிருந்தால் இது சகஜம். ஏசி கண்டன்சர் ரேடியேட்டருக்கு முன்னால் உட்கார்ந்து, சூடான காற்றையே பின்னால் அனுப்புகிறது.

முதலில் பழைய நிலைக்கு கொண்டு வாங்க

அப்கிரேட் பண்ணுவதற்கு முன், கம்பெனி கொடுத்த சிஸ்டம் முழுத் திறனோடு வேலை செய்ய வேண்டும். பல வருஷம் போர் தண்ணீர் ஊற்றி ஓட்டிய காரில், டீ கெட்டிலில் படிவது போல ரேடியேட்டர் குழாய்களுக்குள் உப்பு படிந்திருக்கும். செம்பு, பித்தளையில் செய்த பழைய ரேடியேட்டர் என்றால், பட்டறையில் டேங்கைப் பிரித்து, குழாய்களுக்குள் கம்பி விட்டு சுத்தம் பண்ணி மறுபடியும் பற்ற வைப்பார்கள். பிளாஸ்டிக் டேங்க் உள்ள அலுமினிய ரேடியேட்டரில் இந்த வேலை சரிவராது. உள்ளே அடைத்துவிட்டால் மாற்றுவதே நல்லது.

கூடவே மூடி, ஹோஸ், பெல்ட், வாட்டர் பம்ப் எல்லாவற்றையும் செக் பண்ணச் சொல்லுங்க. கண்டன்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் சேர்ந்திருக்கும் தூசி, பூச்சியை எடுக்கவும். இக்னிஷன் டைமிங் பிந்தியிருந்தாலோ, கார்புரேட்டரில் பெட்ரோல் குறைவாகக் கலந்தாலோகூட இன்ஜின் சூடாகும். பல கார்களின் பிரச்னை இந்தக் கட்டத்திலேயே முடிந்துவிடும்.

தெர்மோஸ்டாட்டை கழட்டலாமா?

கூடாது. கழட்டினால் இன்ஜின் சரியான சூட்டுக்கு வரவே நேரமாகும். மைலேஜ் குறையும், தேய்மானம் கூடும். தெர்மோஸ்டாட்டே பைபாஸ் வழியை அடைக்கும்படி அமைந்த இன்ஜின்களில் இன்னொரு ஆபத்தும் உண்டு. அதைக் கழட்டினால், கூலன்ட்டில் ஒரு பகுதி ரேடியேட்டருக்குப் போகாமலே இன்ஜினுக்குத் திரும்பி, சூடு இன்னும் அதிகமாகும். கெட்டுப்போனால் அதே டிகிரியில் புதியது போடுங்க.

அப்கிரேட் 1: ஃபேன்

அம்பாசடர், பத்மினி போன்ற பழைய கார்களில் ஃபேன் இன்ஜின் பெல்ட்டில் சுற்றும். சிக்னலில் இன்ஜின் ஐடிலில் இருக்கும்போது, அதாவது காற்று அதிகம் தேவைப்படும் நேரத்தில், ஃபேனும் மெதுவாகவே சுற்றும். அதனால் தெர்மோ சுவிட்சில் இயங்கும் எலெக்ட்ரிக் ஃபேன் பொருத்துவது இந்தக் கார்களுக்கு நல்ல மாற்றம்.

இரண்டு விஷயம் கவனிக்கணும். ஒன்று, ஃபேனைச் சுற்றி ஷ்ரவுட் என்ற கூண்டு இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால், ஃபேனுக்கு நேராக உள்ள பகுதி வழியாக மட்டுமே காற்று வரும். இரண்டு, இந்த ஃபேன்கள் 10 முதல் 15 ஆம்பியர் வரை, பெரியவை அதற்கு மேலும் இழுக்கும். தனி ஃபியூஸும் ரிலேயும் கட்டாயம். இல்லாவிட்டால் வயர் உருகி தீப்பிடிக்கலாம். டைனமோ உள்ள மிகப் பழைய கார் என்றால் முதலில் ஆல்டர்னேட்டருக்கு மாற வேண்டும்.

மாருதி 800 போன்ற கார்களில் ஏற்கெனவே எலெக்ட்ரிக் ஃபேன்தான். அதில் புது ஃபேன் வாங்கும் முன் தெர்மோ சுவிட்ச், ரிலே, ஃபேன் மோட்டாரைச் சோதிக்கவும்.

அப்கிரேட் 2: ரேடியேட்டர்

ஃபேன் சரியாக இருந்தும் மலையில் சூடு ஏறினால் அடுத்தது ரேடியேட்டர். வெப்பத்தைக் கடத்துவதில் அலுமினியத்தைவிட செம்பு சிறந்தது. ஆனால் அலுமினியம் எடை குறைவு, அகலமான குழாய்கள் போட முடியும். அதனால் இரண்டுமே நன்றாக வேலை செய்யும். பழைய செம்பு ரேடியேட்டரின் டேங்குகளை வைத்துக்கொண்டு கோரை மட்டும் புதிதாகப் போடுவதும் ஒரு வழி.

வரிசை அதிகமானால் கூலிங் அதிகம் என்று நினைக்க வேண்டாம். நான்கு வரிசை போட்டால் அதற்குள் காற்று நுழைவது கஷ்டம். ஃபேன் பலவீனமாக இருந்தால் தடிமனான ரேடியேட்டரால் டிராஃபிக்கில் நிலைமை மோசமாகக்கூடும். தடிமனைவிட பரப்பளவு முக்கியம்.

அப்கிரேட் 3: கூலன்ட்

வெறும் தண்ணீரில் துரு வரும், உப்பு படியும். கூலன்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும் பாதிக்குப் பாதி கலந்தால், 15 பிஎஸ்ஐ மூடியோடு கொதிநிலை சுமார் 129 டிகிரிக்குப் போகும். பாதிக்கு மேல் கூலன்ட் சேர்த்தால் வெப்பத்தைக் கடத்தும் திறன் குறையும். பச்சை, பிங்க் என்ற நிறத்தை வைத்து வாங்க வேண்டாம், நிறம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். கார் மேனுவலில் சொன்ன வகையை வாங்குங்க. வேறு வேறு வகையைக் கலக்காதீங்க. எத்திலீன் கிளைகால் உள்ள கூலன்ட் இனிப்பாக இருக்கும், ஆனால் விஷம். கழற்றிய கூலன்ட்டை குழந்தைகளும் நாய், பூனையும் நெருங்கும் இடத்தில் வைக்கக் கூடாது.

இந்தத் தவறை மட்டும் செய்யாதீங்க

அதிக பிஎஸ்ஐ மூடி போட்டால் கொதிக்காது என்று மாற்றுபவர்கள் உண்டு. சில பழைய கார்கள் 7 பிஎஸ்ஐ மூடிக்காக வடிவமைக்கப்பட்டவை. அதில் 15 பிஎஸ்ஐ மூடி போட்டால் ஹோஸ் வெடிக்கலாம், ரேடியேட்டர் பற்றவைப்பு விடலாம்.

வழியில் ஹீட் ஆனால் ஏசியை ஆஃப் பண்ணுங்க. ஹீட்டர் இருந்தால் முழுசாக ஆன் பண்ணுங்க, கொஞ்சம் வெப்பம் வெளியேறும். ஓரமாக நிறுத்தி இன்ஜினை ஆஃப் செய்து, குறைந்தது அரை மணி நேரம் ஆறவிடுங்க. சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. அழுத்தம் விட்டதும் உள்ளே உள்ள தண்ணீர் ஆவியாகிச் சீறி, முகமும் கையும் வெந்துவிடும். சூடான இன்ஜினில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் ஹெட் விரிசல் விடலாம். எலெக்ட்ரிக் ஃபேன், இன்ஜின் ஆஃப் ஆன பிறகும் திடீரென்று சுற்றும், கையை உள்ளே விடாதீங்க.

முள் சிவப்புக்கு வந்த பிறகும் "வீடு பக்கத்துலதானே இருக்கு" என்று ஓட்டும் அந்த இரண்டு கிலோமீட்டர்தான் ஹெட் கேஸ்கெட்டைக் காலி பண்ணும். ஒரு புது மூடியிலோ தெர்மோஸ்டாட்டிலோ முடிந்திருக்க வேண்டிய செலவு, இன்ஜினைப் பிரிக்கும் வேலையாகிவிடும்.