உருண்டை மேல் குழி வைத்த கதை

போன மாதம் நண்பர் ஒருவருக்கு மேசை டிராயருக்கான உருண்டைப் பிடி ஒன்றை கேட் மென்பொருளில் வரைந்து கொடுக்க வேண்டியிருந்தது. "கோல்ஃப் பந்து மாதிரி மேலெல்லாம் குழி இருக்கணும், அவ்வளவுதான்" என்றார். அவ்வளவுதானே என்று நானும் உட்கார்ந்தேன். ஒரு குழி வெட்டி, அச்சைச் சுற்றி 30 பிரதி எடுத்து, அந்த வரிசையை மேலும் கீழும் அடுக்கினேன். நடுவில் அழகாக வந்தது. உச்சியை நெருங்க நெருங்க, குழி மேல் குழி ஏறி ஒரே கந்தல்.

சரி, பந்து செய்தவர்கள் எப்படித்தான் சமாளித்தார்கள் என்று தேடப் போனேன். கிடைத்தது நல்ல கதை.

ஸ்காட்லாந்தில் முன்பு ஆடியது தோலுக்குள் இறகு திணித்துத் தைத்த பந்து. 1848 வாக்கில் கட்டாபெர்ச்சா பந்து வந்தது. அது மலாயா பக்கத்து மரங்களின் பால். வெந்நீரில் இளகும், ஆறினால் இறுகும். விலையும் குறைவு. ஆனால் வழவழப்பான புதுப் பந்து சரியாகப் பறக்கவில்லை. அடிபட்டுத் தழும்பேறிய பழைய பந்து நன்றாகப் பறந்தது! ஆடியவர்கள் இதைக் கவனித்துவிட்டார்கள். அப்புறம் என்ன, புதுப் பந்தையே சுத்தியலால் கொத்தி விற்க ஆரம்பித்தார்கள். பிறகு அந்தக் கோடுகளை அச்சிலேயே வெட்டினார்கள். அடுத்து, மேலெல்லாம் மொட்டு மொட்டாகப் புடைத்த பந்து வந்தது. 1905இல் இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் லென்ஸ் தொழில் செய்துவந்த வில்லியம் டெய்லர் அதைத் தலைகீழாக்கினார்: புடைப்புக்குப் பதில் குழி. அதற்குக் காப்புரிமையும் வாங்கினார்.

குழி என்ன செய்கிறது? பந்தை ஒட்டி ஓடும் மெல்லிய காற்றுப் படலத்தைக் கலக்கிவிடுகிறது. கலங்கிய காற்று பந்தின் முதுகுப் பக்கம்வரை ஒட்டிக்கொண்டே போகும். பின்னால் இழுக்கும் சுழல் சிறுத்துவிடும். வழவழப்பான பந்தோடு ஒப்பிட்டால் இழுவை ஏறக்குறைய பாதி.

காரணம் தெரிந்தாலும் அடுக்குவது எப்படி என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. லேத்தில் நர்லிங் போடுவது சுலபம், ஏன்னா உருளையை வெட்டி விரித்தால் தட்டையான தாள்தான். கோளத்தை அப்படி விரிக்க முடியாது. கிழியும் அல்லது சுருங்கும். 1827லேயே காஸ் இதை நிறுவிவிட்டார். தட்டைத் தரையில் ஒரு குழியைச் சுற்றி ஆறு குழி கச்சிதமாக உட்காரும். கோளம் முழுக்க அப்படி உட்கார வைக்க ஆய்லரின் கணக்கு விடாது. ஐந்தும் ஆறுமாகவே அடுக்கினால், ஐந்து அண்டை உள்ள இடம் சரியாக 12 வந்தே தீரும். என் உச்சிக் கந்தலுக்குக் காரணம் என் கைக்கோளாறு மட்டும் இல்லை!

பந்துக்காரர்கள் கண்ட வழி, கோளத்தை முக்கோணங்களாகப் பிரிப்பது. வெகுகாலம் ஓடிய அமைப்பு எண்முகி: எட்டு முக்கோணம், ஒவ்வொன்றிலும் 42, ஆக 336 குழி. பின்னால் இருபது முக்கோணம் கொண்ட இருபதுமுகி வந்தது.

இது வெறும் அலங்காரக் கணக்கு இல்லை. 1970களில் ஒரு பந்து வந்தது. நடுப்பட்டையில் ஆழமான குழி, மற்ற இடங்களில் ஆழமில்லாத குழி. கோணலாக அடித்தாலும் அது தானாகவே நேராகப் போகப் பார்த்தது. ஆட்டக்காரர் கையில் இருக்க வேண்டிய திறமை பந்தின் தோலுக்குப் போய்விட்டது. அமெரிக்க கோல்ஃப் சங்கம் 1981இல் விதி போட்டது: எந்தப் பக்கம் வைத்து அடித்தாலும் பந்து ஒரே மாதிரி பறக்க வேண்டும்.

நானும் திரும்பிவந்து இருபதுமுகியை எடுத்தேன். மூலைகளில் 12, விளிம்புகளில் 90, முகங்களுக்குள் 60. மொத்தம் 162 குழி. ஒரு முக்கோணத்தை மட்டும் ஒழுங்காகச் செய்து, மற்றதை மென்பொருளிடம் விட்டேன். பிடியைக் கையில் உருட்டிப் பார்த்த நண்பர், "எங்கே ஆரம்பிச்சீங்கன்னே தெரியலையே" என்றார். ஐந்து அண்டை உள்ள அந்த 12 குழிகளை அவருக்கு நான் காட்டவில்லை.