ஆயிரம் மஞ்சளா, ஒரே மஞ்சளா? பொதுமைச் சிக்கலும் உடுப்பியின் விடையும்

1. சிக்கல்

பெங்களூரு கே.ஆர். மார்க்கெட்டில் விடியுமுன் செவ்வந்தி மலைபோல் குவிந்து கிடக்கும். பூக்காரம்மா சரத்தின் நுனியை விரலில் பிடித்து, முழங்கை வரை இழுத்து அளந்து அறுக்கிறார். கன்னடத்தில் ‘மொள’, நமக்கு ‘முழம்’. பக்கத்துக் கடைக்காரம்மாவின் கை இரண்டு விரல் குட்டை. அவர் அளப்பதும் முழம்தான். வாங்குகிறவர் யாரும் மறுப்பதில்லை.

குவியலைப் பார்த்தால் இன்னொரு கேள்வி எழும். இத்தனை பூவிலும் இருப்பது ஒரே மஞ்சளா, பூவுக்கொன்றாக ஆயிரம் மஞ்சளா? ஒரே மஞ்சள் என்றால் அது எப்படி ஒரே நேரத்தில் ஆயிரம் இடத்தில் முழுதாக இருக்கிறது? ஆயிரம் என்றால் எல்லாவற்றையும் ஒரே சொல்லால் அழைக்க என்ன நியாயம்? பகுப்பாய்வு மெய்யியலார் பொதுமைச் சிக்கல் என்று குறிப்பது இதைத்தான்.

2. எல்லாச் சொல்லுக்கும் சாதி இல்லை

‘சாமானியம்’ தமிழுக்குப் புதிதல்ல. மணிமேகலையின் 27ஆம் காதையில் வைசேடிகவாதி சொல்லும் ஆறு பொருள்களில் அதுவும் ஒன்று. பலவற்றில் சமவாயம் என்னும் பிரியா உறவால் தங்கி, ஒன்றாகவும் அழியாமலும் நிற்பதே சாமானியம் என்பது நியாய வைசேடிகர் கொள்கை. அதற்கு அவர்கள் வழங்கிய மறுபெயர் சாதி.

ஆனால் சொல்லுக்கொரு சாதி என்று அவர்கள் வாரி வழங்கவில்லை. 10ஆம் நூற்றாண்டின் உதயணர் ‘கிரணாவளி’யில் சாதியாக முடியாதவற்றை விலக்க ஆறு தடைகளை வகுத்தார். அவற்றுள் கூர்மையானது ‘சங்கரம்’: இரண்டு தன்மைகள் ஒன்றுக்குள் ஒன்று அடங்காமல் பாதி பாதியாக மேற்பொருந்தினால் அவை சாதியாகா. ஆகாயம் பூதம், ஆனால் அளவுக்குட்பட்டதல்ல; மனம் அளவுக்குட்பட்டது, ஆனால் பூதமல்ல; நிலமும் நீரும் இரண்டுமே. எனவே ‘பூதமாயிருத்தல்’ சாதியல்ல, உபாதி. அதாவது வேறு காரணம் பற்றி நாம் இடும் பொதுப்பெயர். சமையற்காரரின் ‘சமையற்காரத்தன்மை’யும் அப்படியே. முழமும் இந்த வரிசையில்தான் வரும்: பூக்காரம்மாக்களின் கையும் வழக்கமும் சேர்ந்து உண்டாக்கியது அது.

பயனிலைக்கொரு பொதுமை இல்லை என்று மெய்யியலார் ஆம்ஸ்ட்ராங் 1978இல் எழுதியதும் இதே திசையில்தான். அவரோ, எவை உண்மைப் பொதுமைகள் என்று கண்டறியும் வேலையை அறிவியலிடம் விட்டார்.

சாதிக்கும் உபாதிக்கும் உள்ள இந்த வேறுபாடு வெறும் ஏட்டுச் சரக்கு அல்ல. பிராமணத்துவம் பிறப்பிலேயே அமைந்த உண்மைச் சாதி என்று வாதிட்ட தர்க்கவாணர்கள் இருந்தார்கள். பௌத்தரும் சமணரும் அதை மறுத்தார்கள். உபாதியைச் சாதியென்று நிறுவினால் என்ன நேரும் என்பதற்கு இதைவிடக் கொடிய சான்று எனக்குத் தெரியவில்லை.

3. உடுப்பியின் மறுப்பு

13ஆம் நூற்றாண்டில் உடுப்பி மத்துவர் அடித்தளத்திலேயே கை வைத்தார். பலவற்றில் தங்கும் ‘ஒன்று’ தேவையே இல்லை. ஒவ்வொரு பொருளின் தன்மையும் அதனதற்கே உரியது. பொருள் அழிந்தால் அதன் தன்மையும் அழியும். பொதுச்சொல்லுக்கு ஒப்புமையே, அதாவது சாதிருசியமே, போதும். மேல்கோட்டையில் வாழ்ந்த இராமாநுசரும் சாதியை உறுப்பமைப்பு என்றே கொண்டார், தனிப்பொருளாக ஏற்கவில்லை. கன்றுக்குட்டி பிறக்கும்போது பசுத்தன்மை எங்கிருந்து வந்து சேர்கிறது என்று பௌத்தர் கேட்ட பழைய கேள்வி இவர்களைத் தீண்டாது.

மத்துவ மரபைத் தர்க்கத்தில் உச்சத்துக்குக் கொண்டுபோனவர் வியாசதீர்த்தர். காஞ்சியிலும், பெங்களூருக்குக் கிழக்கே முளபாகலில் ஸ்ரீபாதராசரிடமும் பயின்றவர். நியாய மரபினரான நையாயிகரோடு அவர் நேருக்கு நேர் மோதும் நூல் ‘தர்க்க தாண்டவம்’. பெங்களூரு பூர்ணப்பிரஞ்ஞ வித்யாபீடத்தில் இந்த மரபு இன்றும் பாடமாக நடக்கிறது. நம் மெய்யியல் வகுப்புகள் பொதுமைச் சிக்கலைப் பிளேட்டோவில் தொடங்கி ஆம்ஸ்ட்ராங்கில் முடித்துவிடுவது எனக்குப் பெரிய குறையாகவே படுகிறது.

4. ரஸ்ஸலின் கேள்வி

ஒப்புமை போதும் என்பாருக்கு ரஸ்ஸல் 1912இல் ஒரு பொறி வைத்தார். முதல் பூவும் இரண்டாம் பூவும் ஒத்திருக்கின்றன. இரண்டாவதும் மூன்றாவதும் ஒத்திருக்கின்றன. இந்த ஒப்புமைகள் தமக்குள் ஒத்திருப்பது எதனால்? இன்னொரு ஒப்புமையால் என்றால் தொடர் முடியாது. பொதுவான ஒப்புமை ஒன்றால் என்றால் அதுவே ஒரு பொதுமை.

மத்துவரைப் பின்பற்றும் துவைதிகள் இதில் சிக்குவதில்லை. அவர்களுக்கு ஒப்புமையும் பொருள்தோறும் வேறு: இந்தப் பூவில் அந்தப் பூவைக் குறித்து நிற்கும் ஒப்புமை ஒன்று, அந்தப் பூவில் இதைக் குறித்து நிற்பது மற்றொன்று. பொருளையும் அதன் தன்மையையும் இணைக்க அவர்கள் சொல்லும் ‘விசேடம்’ தன்னைத் தானே தாங்குவது. அதைத் தாங்க இன்னொன்று வேண்டாம். நியாயத்தின் சமவாயமும் ஓரிடத்தில் இப்படித் தன்னைத் தானே தாங்கித்தான் ஆகவேண்டும். அப்படியானால் அந்தச் சலுகையை உடுப்பிக்கு மட்டும் மறுப்பது முறையல்ல. இந்த அளவில் உடுப்பி வென்றது என்பேன்.

5. எஞ்சுவது

ஓசூர்ப் பக்கத்து விவசாயி செவ்வந்திக் கன்றை நடும்போது அடுத்த பூவும் மஞ்சளாகவே மலரும் என்று நம்பி நடுகிறார். பொதுமையைக் கண்டதால் காணாத பூக்களையும் ஒருவகையில் கண்டாயிற்று என்பார் நையாயிகர். ஒப்புமை வழிகாட்டும் என்பார் துவைதி. ஆனால் எதுவும் எதனோடும் ஏதோ ஒரு வகையில் ஒத்திருக்கும். எந்த ஒப்புமை எதிர்காலத்துக்கும் செல்லும் என்பதே 1955இல் மெய்யியலார் குட்மன் எழுப்பிய புதிர். சாதியையும் உபாதியையும் பிரிக்கும் அளவுகோல் தம்மிடம் இருப்பதால், அந்த ஓரிடத்தில் இன்றும் நையாயிகரின் கையே ஓங்கியிருக்கிறது.