ஹுரைரா: ஒரு பூனைக்குட்டி தந்த பெயர்

வரவு இடாப்பில் 'ஹுரைரா' என்று வாசித்தால் பின்வரிசையிலிருந்து 'மியாவ்' சத்தம் வரும். பெயரை மாற்றலாமா என்று அவனுடைய உம்மா என்னிடம் கேட்டார்.

அரபியில் 'ஹிர்ரா' பெண் பூனை. 'ஹுரைரா' அதன் குறுமை வடிவம், பூனைக்குட்டி. ஹஸன் ஹுஸைனாவதும் இதே அச்சில்தான். யமனின் தவ்ஸ் கோத்திரத்து நபித்தோழர் ஆடு மேய்க்கும்போது ஒரு பூனைக்குட்டியோடு விளையாடுவார். இரவில் அதை மரத்தில் விட்டுவைப்பார். அதனால் அபூ ஹுரைரா (ரழி) ஆனார். இயற்பெயர் அப்துர் ரஹ்மான் என்பதே பிரபலமான கருத்து. ஆனால் 5000க்கும் மேற்பட்ட ஹதீஸ்கள் பட்டப்பெயரிலேயே நம்மை வந்தடைந்துள்ளன.

'அபூ'வை விட்டுவிட்டால் வளர்த்தவர் போய்க் குட்டி மட்டும் மிஞ்சுகிறது, உண்மைதான். என்றாலும் மாற்ற வேண்டாம் என்றேன்.

மறுநாள் இதை வகுப்பில் சொன்னேன். மியாவ் போட்ட ஹுஸைன் தன் பெயருக்கும் பொருள் கேட்டான்.